கரடியம்மாளும் பலாப்பிசினும்

செல்போன் கோபுரம் முளைத்த பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், அன்னக்கொடி என்றொரு கரடி இருந்தாள். சொக்கலிங்கக் கரடியோடு அவளுக்கு இளம்வயதிலேயே நிச்சயமாகிவிட்டது.

"தங்கச்சிங்க மூணு பேருக்கும் முடிச்சிட்டு நாம பண்ணிக்கலாம்" என்றார் சொக்கலிங்கம்.

மூத்தவளுக்கு எந்த வரனும் பிடிக்கவில்லை. நடுவுள்ளவள் தேன்கூடு சொந்தமாக இருப்பவன்தான் வேண்டும் என்றாள். கடைசிக்காரிக்கு முடிவதற்குள் அன்னக்கொடிக்கு மூக்கோரம் நரைத்துவிட்டது.

இவளுக்குக் கல்யாணமான மறுமாதமே மூன்று நாத்தனார்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

"என்ன அண்ணி, ஏதாவது விசேஷம் உண்டா?"

அன்னக்கொடிக்குக் குட்டி வேண்டுமென்று கொள்ளை ஆசை. அடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தும் போனது. கணவனும் மனைவியும் டோக்கன் வாங்கி, வரிசையில் ஆமைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக டாக்டர் கொக்கைப் பார்த்தார்கள்.

"நீங்க உங்கம்மா வயித்துல இருக்கும்போதே உங்க கருமுட்டையெல்லாம் உருவாயாச்சும்மா" என்றார் கொக்கு. "அதுக்குள்ள குரோமோசோம்னு நூலுங்க ஜோடி ஜோடியா ஒட்டி நிக்கும். முட்டை பிரியுறப்ப அது சரிபாதியா பிரியணும். வயசாக ஆக, பசை விட்டுப்போயிடும். ஒரு நூல் கூடும், இல்ல குறையும். அப்புறம் கரு தங்காது. எல்லா முட்டையும் அப்படி இல்ல, முயற்சி பண்ணுவோம். ஆமா, ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

அன்னக்கொடி கணவரைப் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இத்தனையும் கேட்டதில் சொக்கலிங்கத்தின் மண்டையில் ஏறியது பசை மட்டும்தான். மறுநாள் பலாமரத்தில் ஏறி ஒரு தூக்கு நிறையப் பிசின் எடுத்து வந்தார். வீடு வந்து சேரும்போது பாதிக் காடு அவர் ரோமத்தில் ஒட்டியிருந்தது. அதில் ஒரு அணிலும் இருந்தது.

"தினம் ஒரு உருண்டை முழுங்கு. உள்ள போய் ஒட்டிக்கும்."

அன்னக்கொடிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து வாசலில் மூன்று குரல்கள்.

"என்ன அண்ணி, விசேஷம்..."

"விசேஷம்தான். வாயைத் திறங்க" என்றாள். பிசினைத் தேனில் புரட்டி ஆளுக்கொரு உருண்டை ஊட்டினாள்.

"ம்ம்ம்" என்றாள் மூத்தவள். மற்ற இருவரும் அதுகூடச் சொல்லவில்லை.

அன்னக்கொடி வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள், கணவரோடு சிரித்துப் பேசினாள். நல்லெண்ணெய் தடவி வாயைப் பிரித்துக்கொண்ட நாத்தனார்கள் அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. கொக்கின் வைத்தியத்தில் எந்த முட்டை சரியாகப் பிரிந்ததோ, அடுத்த மழைக்காலத்தில் ஒரு குட்டி பிறந்தது. எல்லாம் பிசினின் மகிமை என்று காடு முழுக்கச் சொல்லித் திரிந்தார் சொக்கலிங்கம்.

பெயர் வைக்கும் நாளில் நாத்தனார்கள் வந்தார்கள். குட்டியைக் கொஞ்சினார்கள். மூத்தவள் நிமிர்ந்தாள்.

"அடுத்தது எப்போ அண்ணி?"

அன்னக்கொடி கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தத் தூக்கை எங்க வெச்சீங்க?"

நீதி: கருமுட்டையின் பசைக்கு வயதாகும், நாத்தனார் கேள்விக்கு ஆகாது. எனவே தங்கைகளுக்கு முதலில் கல்யாணம் செய்து வைக்கும் அண்ணன்மார், கூடவே ஒரு பலாமரமும் நட்டு வைக்கவும்.