ஏழாம் பாகத்தின் முடிவு

"முடிவில் அப்படி என்ன திகைப்பு? கொஞ்சம் விளக்க முடியுமா?"

பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், தன் விமர்சனத்துக்கு வந்த அந்தப் பின்னூட்டத்தை அவள் மூன்றாவது முறையாகப் படித்தாள்.

அறிவியல் புனைகதைகளையும் மாயக்கதைகளையும் அலசும் ஓர் இணைய இதழில் ஆறு வருடமாக அவள் விமர்சனம் எழுதுகிறாள். இந்த மாதம் வந்து சேர்ந்தது ஒரு மாயக்கதைத் தொடரின் ஏழாம் பாகம். தலையணையாக வைத்துக்கொள்ளலாம், கழுத்துதான் வலிக்கும். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு அவள் கும்பிடு போட்டுவிட்டாள். அதற்கு முந்தைய நூற்றறுபது பக்கமும் ஒரு படை பாலைவனத்தைக் கடந்துகொண்டே இருந்தது. குதிரைகளுக்கே அலுத்திருக்கும். கெடு வந்துவிட்டதால், 'நாவலின் முடிவு வாசகரைத் திகைக்கவைக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாமே என்றால், அது அவள் கொள்கைக்கு விரோதம். பாதி படித்துவிட்டு விமர்சனம் எழுதுவது விரோதமில்லையா என்று கேட்கக் கூடாது. கொள்கை உள்ளவர்களிடம் அதிகம் கேள்வி வைத்துக்கொள்ளக் கூடாது.

'திகைப்பு, இளவரசியின் கடைசிச் செயலில் இருக்கிறது' என்று பட்டும் படாமலும் பதில் போட்டாள்.

பத்தே நிமிடத்தில் 'கருந்துளை' என்ற புனைபெயர்க்காரர் வந்தார். "வெறும் செயலா அது? தியாகம்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது."

"தியாகமா? அப்பட்டமான துரோகம். இன்னொரு முறை படியுங்கள்" என்றார் வேறொருவர்.

சண்டை வேண்டாமே என்று, 'இரண்டுக்கும் இடமுண்டு. அவள் இறந்தாளா என்பதையே நாவலாசிரியர் நம்மிடம் விட்டுவிடுகிறார்' என்று எழுதினாள். அவ்வளவுதான். செத்தாள் கட்சி, பிழைத்தாள் கட்சி என்று இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன.

வியாழக்கிழமைக்குள் நூற்று நாற்பது பின்னூட்டங்கள். வழக்கமாக நாலு வரும். அதிலும் ஒன்று முடி வளரும் மருந்துக்கான விளம்பரம்.

இதழாசிரியர் போன் செய்தார். "மேடம், பின்னிட்டீங்க! சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நேரலை. அந்த முடிவைப் பத்தி மட்டும் ஒன்றரை மணி நேரம். நீங்கதான் நடத்தறீங்க. ஒரு பேராசிரியர் வேற வர்றாரு. மூணு தடவை படிச்சிருக்காராம்."

"சார், எனக்குப் பல்வலி."

"நீங்க பல் டாக்டர்கிட்டதானே மேடம் வேலை பாக்கறீங்க?"

வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாதிதான் படிச்சேன்னு உண்மையைச் சொல்லிடேன்" என்றார் கணவர்.

"சொல்லிட்டு? நாள் பூரா எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். டாக்டர் வந்தாச்சா? நான் என்ன நினைக்கறேன்னு கேக்கற ஒரே இடம் அந்தப் பத்திரிகைதாங்க. அங்கயும் என் மானம் போகணுமா?"

"அப்ப படிச்சுத் தொலை" என்று டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

படித்தாள். பஸ்ஸில் படித்தாள், குக்கர் முன்னால் நின்று படித்தாள், டாக்டர் பல் பிடுங்கும் சத்தத்துக்கு நடுவே படித்தாள். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஐந்நூற்று முப்பதாம் பக்கம். படை இன்னும் பாலைவனத்திலேயே இருந்தது. அழுகையாக வந்தது. கொள்கையாவது மண்ணாவது என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

'இளவரசி வாளை உருவி, தன் அண்ணனை நோக்கி' என்பதோடு எழுத்து நின்றது. அடுத்தது பின்னட்டை.

"இத்தனை பிரதியில எனக்குன்னு பாத்து ஒரு ஓட்டை வந்திருக்கு பாருங்க! என் தலையெழுத்து!" என்று கணவரிடம் கத்திவிட்டு, பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். கிடங்கில் புத்தகம் கட்டுபவர் எடுத்தார். அவசரமே இல்லாத குரல்.

"சார், உங்க ஏழாம் பாகம் என்கிட்ட இருக்கு. கடைசிப் பக்கமெல்லாம் இல்ல. ஆறு மணிக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பினீங்கன்னா புண்ணியமா போகும். அதைப் பத்தி நாலு பேர் முன்னாடி பேசணும். எல்லாரும் கரைச்சுக் குடிச்சிருக்காங்க சார், நான் ஒருத்திதான் படிக்கல." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஆறு வருட மரியாதை இன்னும் அரை மணி நேரத்தில் போய்விடும்.

மறுமுனையில் அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, எல்லாப் பிரதியிலயுமே கடைசி முப்பத்திரண்டு பக்கம் விட்டுப்போச்சு. கேக்கறவங்களுக்குக் கொடுக்கலாம்னு தனியா அடிச்சு வெச்சிருக்கோம், ஆனா புத்தகம் வந்த இந்த எட்டு மாசத்துல கேட்டது நீங்க ஒருத்தர்தான்."