அட்டையில் இக்னேஷியஸ்

கொரட்டூர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. சாமியார் தாழ்ச்சியைப் பற்றி உருகி உருகிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த இக்னேஷியஸ் ஒரு சபதம் எடுத்தார். இருபத்தைந்தாவது நாவல் தன் சொந்தப் பெயரில்தான் வரும். அட்டையில். கொட்டை எழுத்தில். எந்தக் கொம்பன் வந்து தடுத்தாலும் சரி.

மனுஷன் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டு போல்ட் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் காதல் நாவலாசிரியர். மாதம் ஒரு நாவல், தொண்ணூற்றாறு பக்கம். இரண்டு வருஷத்தில் இருபத்து நாலு கதாநாயகிகளைக் கொன்று போட்டிருந்தார். பாதிப் பேருக்கு ரத்தப் புற்றுநோய், மீதிப் பேருக்கு ரயில்.

ஆனால் அட்டையில் இருந்த பெயர் என்னவோ ஞானசௌந்தரி. அது அவர் மனைவி. ஆம்பளை பெயரில் காதல் கதை வந்தால் ஈ கூட மொய்க்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் கதையை அவள் பெயரில் தபாலில் அனுப்பினார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்து எழுத்தாளினிகளில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது. போதாக்குறைக்கு இக்னேஷியஸ் கையெழுத்து கோழி கிளறின குப்பை. அதனால் மாதாமாதம் ஞானசௌந்தரிதான் முத்து முத்தாக நகல் எடுப்பாள். அவர் மஞ்சப்பையில் போட்டு ராயப்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் பதிப்பாளர் செங்கல்வராயனிடம் கொடுப்பார். புத்தகம் வந்ததும் அட்டையைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், பெட்டியில் வைத்துப் பூட்டுவார். உள்ளே ஒரு பக்கம் பிரித்ததில்லை. எழுதினவனுக்குத் தெரியாதா உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தெனாவட்டு. அந்தத் தெனாவட்டுதான் ஆளைக் கவிழ்த்தது.

சபதத்துக்குக் காரணம் கம்பெனி நண்பர் லோகநாதன். ரயில்வே பிளாட்பாரத்தில் நாலு பெண்கள் நின்றுகொண்டு மாத நாவல் படித்துக்கொண்டிருந்தார்கள். லோகநாதன் சும்மா இருக்கக் கூடாதா? "இவர் யார் தெரியுமா? ஞானசௌந்தரியோட ஊட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டார். நாலு பேரும் இக்னேஷியஸை ஏற இறங்கப் பார்த்து, "குடுத்து வெச்சவர் சார் நீங்க!" என்றார்கள். அன்றைக்குத் தின்ற இட்லி அவருக்கு மூன்று நாள் செரிக்கவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தூண்டிலைப் போட்டார்.

"சௌந்தரி, இந்த மாசம் உனக்கு லீவு. நகலை நானே எடுத்துக்கறேன்."

"எதுக்கு?"

"கை வலிக்குதுன்னு சொன்னியே."

"அது போன வருஷம் சொன்னது."

"இப்பத்தான் காதுல விழுந்துது."

ஞானசௌந்தரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இந்தக் கதையில யார் சாவுறா?"

"எல்லாரும்."

"சரி, உங்க இஷ்டம்."

இவ்வளவு சுலபமாக ஒரு பெண்டாட்டி சரி சொன்னால் புத்தியுள்ள புருஷன் பயப்பட வேண்டும். இக்னேஷியஸ் பயப்படவில்லை. அடுத்த பதினெட்டு நாளும் வாசலில் நாற்காலி போட்டு 'கண்ணீரில் ஒரு கல்லறைப் பூ'வை எழுத்து எழுத்தாகச் செதுக்கினார். நடுநடுவே, வாசகர்கள் வந்து மொய்க்கும்போது கை தடுமாறக் கூடாதே என்று, கரண்ட் கார்டின் பின்பக்கம் ஆட்டோகிராப் போட்டுப் பழகினார். கீழே ஒரு சுழி, சுழிக்கு மேல் இரண்டு புள்ளி. அதில் முதல் ஒரு வாரம் முழுக்க ஞானசௌந்தரி அடுப்படியில் உட்கார்ந்து அக்காவுக்கு லெட்டர் எழுதினாள். அவ்வளவு பெரிய லெட்டரில் அப்படி என்ன எழுதுகிறாள் என்று அவர் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா ஒரு நாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இன்னா அண்ணாத்தே, சௌந்தரி கதைய நீ எழுதிகினு கீற?"

"அவளுக்கு ஓய்வு குடுத்திருக்கேன்."

"அத்தான பார்த்தேன்! கதையில வர்ற ஆம்பள மாதிரியே கீறியே. போன மாசம் அந்த சுரேசு விடியகாத்தால எழுந்து, நீ ஒதுங்கு புள்ளன்னு சொல்லிட்டு மாவாட்டுனான் பாரு. எனக்குக் கண்ல தண்ணி வந்துச்சு."

"மாவா? அவன் ஆத்தங்கரையில கவிதைதானே சொன்னான்?"

"எந்த ஆறு? ஆட்டுக்கல்லாண்ட குந்திகினு கீறான் நைனா!"

"கடைசியில அந்தப் பொண்ணு ரயில்ல விழுந்து செத்துப் போயிடுமே?"

"வாயக் கழுவு! அது ரெட்டப் புள்ள பெத்துக்கிச்சு."

பாவம், வேறு எவனோ எழுதின கதையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறாள் என்று இக்னேஷியஸ் அனுதாபப்பட்டார்.

பத்தொன்பதாம் நாள் ராயப்பேட்டை. செங்கல்வராயன் வழக்கம்போல எழுந்து நின்று, "மேடம் சௌக்கியமா?" என்றார். இக்னேஷியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், இது நான் எழுதினது. என் பேர்லயே போட்டுடுங்க" என்று காகிதக் கட்டை நீட்டினார். செங்கல்வராயன் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. வீட்ல ஒருத்தர் நல்லாப் பாடினா இன்னொருத்தரும் பாடணும்னு சட்டம் இல்லையே?"

"இருபத்து நாலையும் எழுதினதே நான்தான் சார்!"

செங்கல்வராயன் ஆபீஸ் பையனைக் கூப்பிடவில்லை, கோபப்படவும் இல்லை. தண்ணீர் தம்ளரை இவர் பக்கம் நகர்த்தினார். "மாசத்துக்கு ரெண்டு புருஷங்க இப்படி வர்றாங்க சார். உங்க ஹீரோ நாலு பக்கம் நிலாவைப் பார்க்கறான். அந்த நேரத்துக்கு மேடத்தோட ஹீரோ நாலு படி அரிசி ஆட்டியிருப்பான். அந்த மாவுக்குத்தான் சார் வாரத்துக்கு அறுபது லெட்டர் வருது. அதுவும் இல்லாம, இருபத்தஞ்சாவது நாவல் ரிஜிஸ்டர் தபால்ல வந்து பத்து நாளாச்சே. அச்சுல ஓடுது."

இக்னேஷியஸ் மேஜை மேல் இருந்த போன மாத நாவலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ரயிலில் உட்கார்ந்து வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் நாவலைப் பிரித்தார். சுரேஷ் மாவாட்டினான். கதாநாயகி அவனுக்கு வியர்வை துடைத்தாள். மாமியார் மூக்கைச் சிந்தினாள். இக்னேஷியஸ் நிமிர்ந்து பார்த்தபோது கொரட்டூர் போய், அம்பத்தூர் போய், ஆவடி போய், ரயில் வேப்பம்பட்டில் நின்றுகொண்டிருந்தது. கதை நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

எதிர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து வாசலிலேயே ஆரம்பித்தார்.

"இருபத்து நாலையும் மாத்திட்டியா?"

"மாத்தலை. நீங்க எழுதினது படிக்க முடியலை. புரியாத எடத்துல நானா போட்டுகினேன்."

"எவ்வளவுதான் புரிஞ்சுது?"

ஞானசௌந்தரி யோசித்தாள். "பேருங்க எல்லாம் புரிஞ்சுது."

"சரி, அது என்ன கதைக்குக் கதை மாவு?"

"கல்யாணமாகிப் பத்து வருஷமா நான் ஆட்டறேன். ஒரு நாளாவது ஒதுங்குன்னு சொல்ல மாட்டீங்களான்னு இருந்துது. நீங்க சொல்லலை. அதான் சுரேஷைச் சொல்ல வெச்சேன்."

இக்னேஷியஸுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் ஆசை விடுகிறதா?

"இந்த ஒரு தடவையாவது அட்டையில என் பேர் வரும்னு நெனச்சேன் சௌந்தரி."

அவள் அலமாரியிலிருந்து கரண்ட் கார்டை எடுத்து நீட்டினாள். "பணம் கட்டப் போன எடத்துல திருப்பிப் பார்த்தேன். நாப்பது கையெழுத்து. பாவமா இருந்துது. அதான் கதையோட சேர்த்து செங்கல்வராயன் சாருக்குச் சொல்லி எழுதிட்டேன். உங்க பேர் அட்டையில வருது. என் பேரை விடப் பெருசா."

"நிஜமாவா?"

"மாதா மேல சத்தியமா."

சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நீ ஒதுங்கு" என்று சொல்லி அன்றைக்கு மாவை அவரே ஆட்டினார். மறுநாளும் ஆட்டினார். முப்பதாம் தேதி வரைக்கும் ஆட்டினார்.

ஒன்றாம் தேதி காலையில் கொரட்டூர் ஸ்டேஷன் கடைக்கு ஓடினார். கயிற்றில் புதுப் புத்தகம் வரிசையாகத் தொங்கியது. சத்தியம் தப்பவில்லை. ஞானசௌந்தரி என்ற பெயர் கீழே ஓரத்தில் எறும்பு மாதிரி இருந்தது. அவர் பெயர் அதைவிட மூன்று மடங்கு, சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு ஆள் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். நாவலின் தலைப்பு: 'மாவாட்டும் இக்னேஷியஸ்'.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் பொன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் பேனா.

"அண்ணாத்தே! ஒரே மூச்சுல படிச்சிட்டேன். இந்தாண்ட ஒரு கையெழுத்து போடு."

இக்னேஷியஸுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இரண்டு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தார்! பேனாவை வாங்கினார். கண் கலங்கிற்று, கை தடுமாறவில்லை. கீழே ஒரு சுழி, சுழிக்கு மேல் இரண்டு புள்ளி.

பொன்னியம்மா மை காயும்வரை ஊதிவிட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்க ஊட்லயும் ரெண்டு படி அரிசி ஊறிகினு கீது அண்ணாத்தே. அப்டியே ஒரு நட வந்துட்டுப் போயேன்."