மானிட்டர் வாங்கப் போகிறவர்

கணினிக்கு மானிட்டர் வாங்குகிறவர்கள் ஓர் இனம். வாங்கப் போகிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தார் கடைக்குப் போய்ப் பெட்டியோடு திரும்பிவிடுவார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நம்மவர் இரண்டாவது இனம். காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். பதினான்கு மாதங்களாக வாங்கப் போகிறார். இருபத்து நான்கு அங்குலமா இருபத்தேழா, தட்டையா வளைவா, விலை கூடினால் நம் கண்ணுக்கு நல்லதா அல்லது கடைக்காரருக்கு மட்டும்தான் நல்லதா என்று எழுபது விமர்சனங்களைப் படித்து, நாற்பது வீடியோக்களைப் பார்த்து, இவர் தலையைக் கண்டதும் விற்பனையாளர்கள் சாப்பிடக் கிளம்பிவிடும் அளவுக்கு மூன்று கடைகளில் விசாரித்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அவசரப்படக் கூடாது. விலை இறங்கினால், "ஏன் இறங்குது? ஏதோ கோளாறு இருக்கு" என்பார். ஏறினால், "இறங்கட்டும்" என்பார். அசையாமல் நின்றால்? அப்போதுதான் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மானிட்டர் அவருக்கல்ல. வீட்டிலிருந்தே ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கும் மனைவிக்கு. அவளுடைய பழைய திரை மங்கி, ஆங்காங்கே கரும்புள்ளிகள் விழுந்திருந்தன.

"என்னங்க, எது எழுத்தோட புள்ளி, எது மானிட்டரோட புள்ளின்னே தெரியலை. ஏதாவது ஒண்ணு வாங்கிடலாமே."

"ஏதாவது ஒண்ணா?" அவர் பதறிப்போனார். "அப்புறம் காலம் பூரா வருத்தப்படவா? பார்க்கலாம்மா."

அவர் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் பார்க்க முடியாமல் திருத்திக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் ஒரு பள்ளியின் நூற்றாண்டு மலர் வந்தது. அட்டையில் 'நூறாண்டு கண்ட கல்விக் கூடம்' என்று இருக்க வேண்டும். தட்டச்சு செய்தவர் 'ல்' மேல் புள்ளி வைக்க மறந்துவிட்டார். சரியாக அந்த இடத்தில் மானிட்டர் தன் புள்ளியை வைத்திருந்தது. அவளும் சரி என்று அனுப்பிவிட்டாள். இரண்டாயிரம் பிரதிகள். புள்ளியை எடுத்துவிட்டு அந்தத் தலைப்பை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். என் வாயால் வேண்டாம்.

அச்சக முதலாளி கத்தவில்லை. "இனிமே வேற ஆளைப் பார்த்துக்கறோம்மா" என்று போனை வைத்துவிட்டார். பதினோரு வருட வேலை. சமையலறையில் நின்று அழுதாள். நம்மவருக்கும் கண் கலங்கியது. கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். "புள்ளி விழுந்தா மாத்தித் தர்ற கம்பெனி ஒண்ணு இருக்காம், விசாரிக்கிறேன்" என்றார்.

அவள் முகம் கழுவிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனாள். இருபது நிமிடத்தில் ஒரு மானிட்டரோடு வந்தாள். அன்று மாலையே மூன்று அச்சகங்களுக்கு வேலை கேட்டு எழுதினாள். நம்மவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எவ்வளவு குடுத்தே?"

அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷன் பெண்டாட்டி விவகாரம். நாம் தலையிட வேண்டாம். ஆனால் ஒன்று. அந்த மூன்று அச்சகங்களில் ஒன்றாவது அவளுக்கு வேலை கொடுத்ததா என்று கேட்காமல், 'அப்படி என்ன விலைதான் கொடுத்தாளாம்?' என்றுதான் உங்களுக்கு முதலில் தோன்றியது என்றால், வாருங்கள், வணக்கம். உங்கள் வீட்டில் யார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?