எங்கள் ஊர் கால்பந்துக் கழகமும் என் ஒரே கோலும்

ஒரு விளையாட்டை ஆடத் தெரியாதவன்தான் அதன் விதிகளைக் கரைத்துக் குடித்திருப்பான். நான் கால்பந்து விதிகளைக் கரைத்துக் குடித்தவன். என் காலில் பட்ட பந்து நான் நினைத்த திசையில் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் எந்தப் பக்கம் போனால் என்ன தண்டனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.)

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். நெல்லைத் தவிர வேறு எதையும் நினைக்காத அந்த ஊருக்குக் கால்பந்து கப்பலில் வந்தது. பினாங்கில் வேலை பார்த்துவிட்டு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிய கலியமூர்த்தி, மற்றவர்களைப் போல சென்ட் பாட்டிலும் கைக்கடிகாரமும் கொண்டுவராமல் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். அவர் மனைவி அதை மன்னிக்கவே இல்லை. வாய்க்காலை ஒட்டிய புறம்போக்கில் மூங்கில் நட்டு, அதுதான் கோல் என்றார் கலியமூர்த்தி. வடக்குத் தெருவில் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள். தெற்குத் தெருவில் அவர்கள் வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். எந்தத் தெருவிலும் பதினோரு பேர் தேறாததால் சேர்ந்தே ஆடினார்கள். டீக்கடையில் தனித்தனி கிளாஸ் இருந்த ஊர்தான் அது. ஆனால் பந்து யார் காலில் பட்டு வந்தது என்று மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

முதல் சிக்கல் பெயர்ப் பலகையால் வந்தது. 'கால்பந்துக் கழகம்' என்று எழுதி மாட்டியிருந்தார் கலியமூர்த்தி. அந்தச் சமயம் பார்த்துக் கழகம் ஆட்சிக்கு வந்துவிட்டது. வடக்குத் தெருவில் பாதிப் பேர் பழைய கட்சி. தெற்குத் தெரு முழுக்கச் செங்கொடி. "நாங்க எந்தக் கழகத்துலயும் சேரல" என்று இரண்டு பக்கமும் முறைத்தன. இது வேறு கழகம் என்று கலியமூர்த்தி வீடு வீடாகப் போய் விளக்கினார். பாதிப் பேர் நம்பினார்கள்.

அடுத்து வந்த சிக்கலுக்கு விளக்கம் போதவில்லை. சம்பா அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தரவேண்டும் என்றது தெற்குத் தெரு. முடியாது, வெளியூர் ஆளை வைத்து அறுத்துக்கொள்கிறோம் என்றது வடக்குத் தெரு. கதிர் முற்றி வயலிலேயே உதிர்ந்தது. கழகமும் இரண்டாக உடைந்தது. இருந்ததோ ஒரே பந்து. அது எங்களுக்குத்தான் என்று இரண்டு தெருவும் நின்றன. கம்பு தூக்கும் நிலைமை வந்தபோது கலியமூர்த்தி சொன்னார்: "ஆடித் தீத்துக்குங்க. ஜெயிக்கிறவங்களுக்குப் பந்தும் மைதானமும்."

நடுவர் யார்? ஊரில் நிலமும் இல்லாமல், வயல் வேலையும் செய்யாமல் இருந்த குடும்பம் ஒன்றே ஒன்று. என் அப்பா போஸ்ட்மாஸ்டர். நான் தஞ்சாவூரில் பி.ஏ. முடித்துவிட்டு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய விதிப் புத்தகத்தோடு சும்மா இருந்தேன். இரண்டு தெருவும் என்னை ஒரே மனதாக ஒப்புக்கொண்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவுக்குப் புரிந்தது. "ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தன் தோப்பான். நாளைக்கு நான் ரெண்டு தெருவுக்கும் மணியார்டர் குடுக்கணும்டா" என்றார்.

"விதிப்படி நடந்தா யாருக்கும் வருத்தம் வராதுப்பா" என்றேன். அப்படி நம்பும் வயது.

மாலையில் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. பலர் கையில் கம்பு. (மாடு மேய்க்க வந்ததாகச் சொன்னார்கள். மாட்டைக் காணோம்.) ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பேர். ஏழு பேர் இருந்தாலே செல்லும் என்று நான் முதல் தீர்ப்பை வழங்கினேன். வடக்குக்கு மிராசுதார் மகன் சேதுராமன் கேப்டன், தெற்குக்கு வீரையன். முந்தின வருஷம் வரை வீரையன் பந்தைக் கடத்திக் கொடுக்க, சேதுராமன் கோல் அடிப்பான். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முடியப்போகும் நேரம் வரை கோல் விழவில்லை. நான் ஊதிய விசிலில் ஆட்டம்தான் நின்று நின்று போனது. அப்போது வீரையன் தூரத்திலிருந்து ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து கோலைவிட்டு நன்றாக விலகித்தான் போனது. ஆனால் நான் கோலுக்குப் பக்கத்தில் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேர்வையில் வழுக்கிய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்மண்டையில் இடி விழுந்தது. கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். பந்து மூங்கிலுக்கு நடுவே உள்ளே போனது.

கோலா இல்லையா என்று ஊரே என் பக்கம் திரும்பியது. நான் தட்டுத்தடுமாறி எழுந்தேன். என் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி அது. நடுவர் மேல் பட்டு உள்ளே போனால் கோல்தான். பக்கம்கூட ஞாபகம் இருந்தது. நீளமாக ஊதி, "கோல்" என்றேன்.

சேதுராமன் நேரே வந்தான். "டேய் சாமிநாதா, நீ எந்தப் பக்கம்டா?"

"நான் எந்தப் பக்கமும் இல்ல. விதிப்படி நான் மைதானத்துல ஒரு பகுதி. மரம் மாதிரி."

"மரம்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

ஓரத்தில் நின்றவர்களின் கம்புகள் நிமிர்ந்தன. அப்போது வீரையன் குறுக்கே வந்தான். "தம்பி, அந்தக் கோலு எங்களுக்கு வேண்டாம். நாங்க அடிச்சு விழுந்தா எடுத்துக்குவோம். ஒன் மண்டை போட்ட கோல வாங்கிக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்குக் கூலி பேச உக்காருவோம்?"

சேதுராமன் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தான்.

அறிவுள்ளவனாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். நான் பி.ஏ. "வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாதுங்க. கோல் கோல்தான்" என்றேன்.

"நாங்களே வேண்டாம்ங்கறோம்."

"அவங்களே வேண்டாம்ங்கறாங்கல்ல, ஒனக்கு என்னடா?" என்றான் சேதுராமன்.

நடுவரோடு வாக்குவாதம் செய்ததற்காக இரண்டு கேப்டன்களையும் வெளியே போகச் சொன்னேன். சிரித்தவர்களையும் போகச் சொன்னேன். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் போகச் சொன்னேன்.

வீரையன் என் கால்களைப் பிடித்தான். சேதுராமன் கைகளைப் பிடித்தான். மற்றவர்கள் கிடைத்த இடத்தைப் பிடித்தார்கள். அந்த வருஷம் இரண்டு தெருவும் சேர்ந்து தூக்கிய ஒரே பாரம் நான்தான். விசிலோடு வாய்க்காலில் போட்டார்கள். கடைசித் தண்ணீர் வடிந்து, இடுப்பளவு சேறு மிச்சம் இருந்த வாய்க்கால். கலியமூர்த்தி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "பந்து நனைஞ்சுதா?" என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்.

நான் கரையேறியபோது அவர்கள் மறுபடி ஆடிக்கொண்டிருந்தார்கள், நடுவரே இல்லாமல். கண்ணாடி இல்லாததால் யார் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. வீரையன் கொடுத்துச் சேதுராமன் அடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வாசலில் அப்பா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "எந்தத் தெருக்காரன் தள்ளினான்?"

"ரெண்டு தெருவும்."

"அப்பச் சரி" என்று நிம்மதியாக உள்ளே போனார்.

கூலித் தகராறு இதனால் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது தாசில்தார் வந்து, போலீஸ் வந்து, பல சுற்றுப் பேச்சு நடந்து, வேண்டாவெறுப்பாக ஓர் உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் பந்து பிரியவில்லை. மைதானமும் பிரியவில்லை. கழகம் இன்றும் இருக்கிறது.

என் பெயரும் இருக்கிறது. சில வருஷம் கழித்துக் கீழ்வேளூருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அண்ணன் என்னை உற்றுப் பார்த்து, "மண்டையால கோல் போட்ட ரெஃப்ரி நீங்கதானுங்களா?" என்றார். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி கமலாவைத்தான் கட்டிக்கொண்டேன்.

இப்போதும் வீட்டில் அவளும் மகளும் ஏதாவது வழக்காடும்போது நான் சமாதானம் பேசப் போனால், "நீங்க நடுவுல நிக்காதீங்க, ஒங்க மேல பட்டு உள்ள போயிடும்" என்பாள். போன பொங்கலுக்குப் பேரன் போனில் காட்டினான்: அந்த விதியையே மாற்றிவிட்டார்களாம். நடுவர் மேல் பட்டு உள்ளே போனால் இனி கோல் கிடையாதாம். பெருமையோடு கமலாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அதெல்லாம் ஊருக்கு" என்றாள் அவள், முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே. "நம்ம வீட்டுல பழைய விதிதான்."