மகாராணிக்கு ஐந்து பல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் தங்கள் தம்பி வீட்டில் பெயிண்ட் வாடையும் மூச்சுத் திணறலும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். தங்கள் வீட்டில் பெயிண்ட் அடிப்பவர்கள் கூடத்தை முடித்துவிட்டு மாடிப்படிக்கு வந்திருக்கிறார்களாம். அடுத்த வியாழக்கிழமை தாங்கள் திரும்புவதற்குள் வாடை போய்விடும் என்று என் மகள் சொன்னாள். இதுவரை எழுதியது நல்ல செய்தி. இதற்கு மேல் படிக்கும் முன் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும். பிரஷர் மாத்திரை போட்டாகிவிட்டதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.

தாங்கள் கிளம்பிய அன்று, தங்களுடைய நாற்பத்தொரு பழைய கூலிங்கிளாஸ்களையும் கண்ணாடி அலமாரியோடு என் வீட்டில் இறக்கி வைத்து, "சம்பந்தி, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் முப்பத்து நான்கு வருடம் லிப்ட் பரிசோதகராக இருந்தவன். ஊரில் உள்ள லிப்ட்டுக்கெல்லாம் பயமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் படியேறி வந்தவன். தாங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த நான்கு பக்கக் குறிப்பைத் தினமும் எழுந்தவுடன் படித்துவிடுவேன். தினம் பத்து நிமிடம் அலமாரியைத் திறந்து காற்றாட விட வேண்டும், வெறுங்கையால் தொடக் கூடாது, சட்டை நுனியால் துடைக்கக் கூடாது, யார் கெஞ்சினாலும் போட்டுப் பார்க்கத் தரக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். மூன்றாம் பக்கம்தான் என்னை ஆட்டி வைத்தது. பழைய பிரேம் ஏதாவது வேர்த்து, வினிகர் வாடை அடிக்க ஆரம்பித்தால் அதற்கு ஆயுள் முடிகிறது என்று அர்த்தம், உடனே பிரித்து வைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பதற்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தீர்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அலமாரியைத் திறந்தேன். வினிகர் வாடை அடித்தது.

சமையலறையிலிருந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். பத்தாவதுக்கு மேல் எல்லாமே வினிகராக இருந்தது, என் மூக்கே வினிகராகிவிட்டது. சரி, இன்னொரு மூக்கு இருக்கட்டும் என்று, என்ன வாடை என்பதைச் சொல்லாமல் மனைவியைக் கூப்பிட்டு முகரச் சொன்னால், எல்லாவற்றிலும் ரப்பர் வாடைதான் வருகிறது என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இருப்பதிலேயே வயசானது எதுவோ அதுதான் சீக்காளியாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். மேல் தட்டில் நடுநாயகமாக, தேன் நிறத்தில், இரண்டு ஓரமும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கள் மகாராணி. ஆமாம் சம்பந்தி, அவளேதான். எங்கோ மூடிப்போன கடையின் கிடங்கிலிருந்து மூன்று ஊர் அலைந்து தாங்கள் கொண்டுவந்தவள். அவளைப் பிரித்தெடுத்துக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பால்கனிச் சுவரில் வைத்தேன். நல்ல வெயில். வெயிலில் வைக்கக் கூடாது என்று நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. வெயிலுக்கென்றே பிறந்த சாமான் வெயில் தாங்காது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், மகாராணி இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறாள். ஒரு லென்ஸ் தரையில் விழுந்து விண்டிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடி வந்தாள், கையில் துணியும் பாட்டிலுமாக. "காலையில அலமாரிக் கண்ணாடி மங்கலா இருக்கேன்னு வினிகர் போட்டுத் துடைச்சேன். இப்ப என்ன ஆச்சு?" என்றாள். ஆக, மகாராணிக்கு ஒரு சீக்கும் இல்லை. நன்றாக இருந்தவளைத் தூக்கி நான்தான் நெருப்பில் போட்டேன்.

பிறகு செய்ததையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் புண்ணியமில்லை. தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பன்னிரண்டு வருடமாக எனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர், தங்கமான மனுஷன், அந்தத் தங்கமான குணம்தான் வினையாகிவிட்டது. "சரி பண்ணிக் கொடுங்க" என்று நான் சொன்னதை அவர், நான் போட்டுக்கொள்வதற்காகச் சரிபண்ணச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, காலை நிமிர்த்தி, பழைய லென்ஸ் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டு, என்னுடைய பவரில் புது லென்ஸ் வெட்டி மாட்டிவிட்டார். கையோடு பழைய கீறலையெல்லாம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியும் விட்டார். அசல் லென்ஸ் போனால் எல்லாம் போச்சு என்று தாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். இப்போது மகாராணியைப் போட்டுக்கொண்டால் எனக்குப் பேப்பரில் பொடி எழுத்துகூடத் தெரிகிறது. போட்டுப் பார்த்தேன் என்பதையும் இதிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நேரில் வந்து காலில் விழுந்திருப்பேன். இது இதோடு முடியவில்லை சம்பந்தி. பழைய வேலைப் பழக்கம், சேதம் ஆனால் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். லிப்ட் கம்பி பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டை என் முன்னால் வைத்து, "இதுல எது ஒசத்தி, சொல்லுங்க" என்று கேட்பீர்களே, நானும் பயத்தில் எப்போதும் இடது பக்கம் இருப்பதையே காட்டுவேனே, அப்போது சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் மண்டையில் ஏறியிருந்தது. காலும் முகமும் சேரும் கீலில், ஒன்றுக்குள் ஒன்று கோத்த பல்லை எண்ண வேண்டும். மகாராணி காலத்து அசலுக்கு ஏழு பல். முப்பது வருடம் கழித்து அதே அச்சில் வந்த மறுபதிப்புக்கு ஐந்து. எண்ணினேன். ஐந்து. மறு கீலை எண்ணினேன். ஐந்து. மனைவியை விட்டு எண்ணச் சொன்னேன். "அஞ்சுதான் இருக்கு. ஏன், பத்தாதா?" என்றாள்.

கடைக்காரர் மாற்றிவிட்டாரோ என்று ஓடிப்போய்க் கேட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. நான் முழு நேரமும் அவர் கடை பெஞ்சில் கண்ணை மூடிச் சாமியை வேண்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன், அதற்குள் இன்னொரு மகாராணிக்கு அவர் எங்கே போவார். வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. யோசித்துப் பாருங்க. அசல் மகாராணியை என் கையில கொடுத்துட்டுப் போனீங்க. திரும்பி வந்து பார்த்தா போலி இருக்கு. யாரைச் சந்தேகப்படுவீங்க? என்னைத்தானே. வாய் விட்டுக் கேட்க மாட்டீங்க, நீங்க அவ்வளவு மரியாதைப்பட்டவர். அதுதான் எனக்கு இன்னும் பயம். கேட்காமலே மனசுல வைச்சுக்கிட்டு, தினமும் சாப்பாட்டு மேஜைல என் மகள் முகத்தைப் பார்ப்பீங்க. திருடன் பெத்த பொண்ணுன்னு ஒரு நாளாவது தோணாதா? மூணு வருஷமா உங்க வீட்ல அவள் சிரிச்ச முகமா இருக்காள். என்னால அந்தச் சிரிப்பு போச்சுன்னா நான் உயிரோட இருந்து என்ன பிரயோசனம். லென்ஸை உடைச்சவன் நான்தான். வெயில்ல வைச்சவன் நான்தான். திருடினவன் நான் இல்லை. இந்த ஒன்றை மட்டும் நம்பிவிடுங்கள், மற்றதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் தம்பிக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். அங்குள்ள குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். தாங்கள் நூறாண்டு கண் பார்வையோடு இருக்க வேண்டும் என்று, இந்த நிலையிலும், மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்டனைக்குக் காத்திருக்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே கண்டதை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சம்பந்தியம்மாவும் என் மகளும். ஐந்து பல் விஷயத்தை என் மனைவி போனில் மகளிடம் உளறியிருக்கிறாள். சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, அசல் மேல கார்ல உக்காந்து உடைச்சது நான்தான். மூணு வருஷம் ஆச்சு. அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்" என்றார். அப்போது கல்யாணமாகி இரண்டே மாதமான என் மகள்தான் எங்கெங்கோ விசாரித்து, இந்த ஐந்து பல்காரியைக் கண்டுபிடித்து, மாமியாரோடு சேர்ந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். எவள் சிரிப்புக்காக நான் இரண்டு நாளாகப் படுத்துக் கிடந்தேனோ அவளே கூட்டாளி. உங்களிடம் மூச்சு விடக் கூடாது என்று இருவரும் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு உங்கள் குறிப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்தேன். நாற்பது கண்ணாடிக்கு எதிரில் ஏழு, ஐந்து, மூன்று என்று பல் எண்ணிக்கை எழுதியிருக்கிறீர்கள். மகாராணிக்கு எதிரில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. எனக்கே எண்ணச் சொல்லிக் கொடுத்தவர், எண்ணாமல் விட்டிருக்க மாட்டீர்கள். மூன்று வருடமாகத் தெரிந்தே, சம்பந்தியம்மா பயப்படுவார்களே என்று, தினமும் அந்த ஐந்து பல்லை மேல் தட்டின் நடுவில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரிந்தவரிடம் சொல்வதில் சத்தியம் கெடாது என்ற தைரியத்தில்தான் இதைத் தபாலில் போடுகிறேன்.

ஒருவேளை நீங்கள் எண்ணவே இல்லை, எழுத மறந்துதான் விட்டது, இப்போதுதான் இது தெரிகிறது என்றால், சம்பந்தி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பின்குறிப்பைப் படிக்க வேண்டாம். நான் திருடினதாகவே இருக்கட்டும்.