பளார் சத்தம் குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்கும், இப்போது கொஞ்சம் பயத்திற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். உங்கள் மகள் எங்கள் மூவரையும்விட நலம். இந்தக் கடைசி வரியை நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் உண்மையை முதலிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. அங்கு நீங்களும் சம்பந்தியம்மாவும் இரும்புக்கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கல்யாணத்தன்று முழுநாளும் "ம்", "சரி" என்ற இரண்டே வார்த்தைகளில் காரியத்தை முடித்தவர் நீங்கள். அப்படிப்பட்டவர் கடை பில்லின் பின்பக்கம் முழுக்க நுணுக்கி எழுதி, இடம் போதாமல் முன்பக்கத்தில் கம்பி விலைக்கு மேலேயும் எழுதியிருந்ததைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துதான் படித்தேன். அதில், என் பெண்ணை அறைகிறீர்கள், தட்டை விட்டெறிகிறீர்கள், மாமியார்க்காரி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள், சாப்பாடு போடாமல் அழவிடுகிறீர்கள், அழுதால் கைதட்டுகிறீர்கள், எல்லாவற்றையும் என் காதால் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை வேனோடு வருகிறேன், பெண்ணையும் நான் வாங்கிக் கொடுத்த தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போகிறேன், குறுக்கே யாராவது வந்தால் நடப்பதே வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். "நடப்பதே வேறு" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரும்புக்கடைக்காரர் எழுதினால் அதன் கனமே தனி. உடனே போன் செய்தேன். கடையில் எடுத்த ஆள், "முதலாளி உங்ககிட்ட பேச மாட்டாராம்" என்று சொல்லி, "நானும் பேச மாட்டேன்" என்று தன் பங்குக்கும் ஒன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வழியான தபாலில் இறங்கியிருக்கிறேன். கடிதம் வந்ததை உங்கள் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைய தையல் அத்தோடு நின்றுவிடும்.

சம்பந்தி, நீங்கள் கேட்டதெல்லாம் கேட்டதுதான். ஆனால் அதில் எதுவும் நடக்கவில்லை. இதை எப்படி விளக்குவது என்றுதான் காலையிலிருந்து பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் சாயங்காலம்தோறும் பழைய துணியை வெட்டிப் புதுசாகத் தைத்துக் காட்டும் நேரலையை ஆரம்பித்தபோது அதில் மெஷின் ஓடும் சத்தம் ஒன்றுதான் இருந்தது. அது உங்களுக்கே தெரியும். அந்தச் சத்தம் ஒரே சீராக, தொட்டில் ஆட்டுவது மாதிரி இருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கண் சொக்கிவிடும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையின் மூலையில் ஒரு எண் வரும். ஒரு பக்கம் தைத்து முடிப்பதற்குள் அது பாதியாகக் கரையும். ஒரு நாள் கடைசியில் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். பெயருக்குப் பதில் உங்கள் கடைப் பெயர் இருந்தது. அந்த ஒருவருக்காகவே உங்கள் மகள் காலரைப் பிசிறில்லாமல் தைத்து முடித்து, "பார்த்ததுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் எங்கிருந்தோ ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "மாமா, கண்ணு அசந்து போனாலும் காது அசராது. அடுத்து என்ன சத்தம் வருமோன்னு ஆசை காட்டிட்டா யாரும் எழுந்து போக மாட்டாங்க" என்றாள். உங்கள் மாப்பிள்ளை சம்பளம் வாங்கிய கையோடு ஒரு சத்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். அரைப் புத்தகம் அளவுதான் இருக்கும், அதன் மேல் வெளிச்சம் எரியும் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் மேளம், ஒன்றை அழுத்தினால் விசில், இன்னொன்றை அழுத்தினால் யானை. தையலுக்கு யானை எதற்கு என்று கேட்டேன். "பெரிய சைஸ் சட்டை வரும்போது தேவைப்படும் மாமா" என்றாள். ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் துணியில் இருக்கும், பொத்தானை அழுத்த மூன்றாவது கை வேண்டும். அந்த மூன்றாவது கைதான் நான்.

ரிட்டயர் ஆன பிறகு இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் பேப்பரை மடித்து வைப்பது. அதையும் சரியாக மடிக்கவில்லை என்று ஒரு குறை உண்டு. அப்படி இருந்தவனை உங்கள் மகள் கூப்பிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, "சவுண்ட் இன்ஜினியர், உக்காருங்க" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடுதான் உட்காருகிறேன். கேமரா மேலேயிருந்து மெஷினைத்தான் பார்க்கிறது, அவள் கைகள் மட்டும்தான் தெரியும், என் சட்டை யாருக்கும் தெரியாது என்று என் மனைவி தினமும் நினைவூட்டுகிறாள். வேலை என்றால் வேலைதானே!

இப்போது பளாருக்கு வருகிறேன். தையலில் எந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று அவள் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்து காட்டுவாள். "இந்த மாதிரி துணியை இழுத்துப் பிடிச்சுத் தைச்சா சுருக்கம் விழும். மாமா, போடுங்க ஒண்ணு!" என்பாள். நான் பளார் பொத்தானை அழுத்துவேன். துணிக்கு விழும் அறை அது. நீங்களோ கல்லாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, லாரியிலிருந்து கம்பி இறக்கும் சத்தத்துக்கு நடுவே காதால் மட்டும் பார்க்கிறவர் என்று சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார். "மாமா, போடுங்க ஒண்ணு" என்று பெண் சொல்வதும் பளார் என்று கேட்பதும் உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது. அதிலும் "ஒவ்வொரு தடவையும் இரண்டு அறை" என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். அது என் உத்தியோகத்தின் கோளாறு. தபாலாபீஸில் காலமெல்லாம் முத்திரை குத்தியவன் நான். ஒரு தடவை மையில், ஒரு தடவை கவரில், டொக் டொக். எதையும் இரண்டு தடவை அடித்தால்தான் இந்தக் கைக்கு நிம்மதி. மேளமானாலும் யானையானாலும் என்னிடம் இரண்டிரண்டாகத்தான் வரும். பார்க்கிறவர்கள் இதற்கென்றே வந்து, "தாத்தா, இன்னொரு டபுள்" என்று எழுதுகிறார்கள். தாத்தா என்று எழுதுவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

தட்டு உடைவது ஊசி உடையும்போது. கீச்சுக்குரலில் ஒரு கிழவி சிரிப்பது பாபினில் நூல் சிக்கும்போது. அந்தச் சிரிப்பை நீங்கள் என் மனைவியுடையது என்று எழுதியதை நான் சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துவிட்டு, "நிஜமாவே அப்படியா இருக்கு?" என்று கேட்டாள். இல்லவே இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும், நான் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டேன். இரண்டு நாளாக வீட்டில் சிரிப்பே இல்லை. இது உங்கள் கடிதத்தால் வந்த வினை என்றாலும் நான் உங்களைக் குறை சொல்லவில்லை.

சாட்சி வேண்டுமென்றால் கீழ்வீட்டு நர்ஸைக் கேளுங்கள். முதல் நாள் பளாரும் தட்டும் கேட்டு அந்தம்மா பஞ்சும் பிளாஸ்திரியுமாக மாடிக்கு ஓடிவந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, "யாருக்கு அடி?" என்று கேட்டார். உங்கள் மகள் திரும்பிப் பார்த்து, "இந்தக் கை ஓரத்துக்குத்தான்" என்று துணியைத் தூக்கிக் காட்டினாள். நர்ஸம்மா அதே இடத்தில் உட்கார்ந்து தன் யூனிஃபார்மை இடுப்பில் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லிவிட்டு, பிளாஸ்திரியை எங்களிடமே விட்டுப் போனார். அது இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. வந்தால் காட்டுவேன், ஆனால் நீங்கள் வரவேண்டிய அவசியம் இல்லை.

இனி பெரிய குற்றச்சாட்டு. போன செவ்வாய்க்கிழமை நீங்கள் முதல்முறையாகக் கீழே, "சாப்பிட்டியாம்மா" என்று எழுதினீர்கள். பதிலுக்கு அழுகைச் சத்தம் வந்தது, அழுகைக்கு மேலே கைதட்டல் வந்தது. எந்தத் தகப்பனுக்கும் இரத்தம் கொதிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நான் ஸ்டூலில் இல்லை. மாம்பழக் கலர் நூல் தீர்ந்துபோய், தெருமுனைக் கடைக்கு ஓடியிருந்தேன். பெட்டியைப் பார்த்துக்கொள் என்று என் மனைவியை உட்காரவைத்துவிட்டுப் போனேன். பெட்டியில் கண்ணில் தண்ணீர் வழியும் முகம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. நான் அதை ஒரு நாளும் அழுத்தியதில்லை, அபசகுனம் மாதிரி ஓரமாக இருக்கும். இவள் தூசி தட்டுகிறேன் என்று துணியால் ஒரு இழுப்பு இழுத்து, அழுகையையும் கைதட்டலையும் சேர்த்து அழுத்தியிருப்பாள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இதைச் சொல்லி அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வாயே திறக்காமல் கேட்டுக்கொள்கிறாள், குற்றம் அவளுடையது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். சாப்பாட்டுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. தைக்க உட்கார்ந்தால் பசியே தெரியாது என்பதால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் அலைவது என் மனைவிதான்.

சம்பந்தி, மெஷின் உங்கள் சொத்து, பெண்ணும் உங்கள் பெண். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் சட்டம் பேச எனக்கு வாயில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று இருக்காது. இந்தக் கைக்கு அடிக்க ஒன்றும் இருக்காது. பெண் பெற்றவர் நீங்கள், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மருமகள் வந்துதான் அது என்னவென்று தெரிந்தது. ஆகவே தயவுசெய்து வேனை நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும். போனை எடுத்த கடை ஆளுக்கும், அவர் பேசாவிட்டாலும், என் விசாரிப்பைச் சொல்லவும். உங்கள் குடும்பமும் வியாபாரமும் மேலும் மேலும் தழைக்க வேண்டும். உங்கள் காதும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மரியாதையுள்ள எதிர்க்கட்சி,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். தபாலாபீஸ்காரனுக்கு எழுதிய காகிதத்தைக் கிழிக்க மனசு வராது. கவரை ஒட்டப் போகும்போது, ஆதாரத்துக்கு அந்த அழுகைச் சத்தத்தையே பதிவு செய்து அனுப்பினால் என்ன என்று தோன்றியது. கண்ணீர் முகத்தை அழுத்தினேன், இரண்டு தடவை. யாரோ ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீராம் அது! மற்ற பொத்தான்களையும் ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தேன். யானை வரைக்கும் வந்தது, அழுகை வரவில்லை. உங்கள் மகளிடம் போய்க் கேட்டேன். சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அழுகைக்கு பட்டனே கிடையாது மாமா" என்றாள்.

அதற்கு மேல் மறைக்க முடியாமல் உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டே படித்தாள். முன்பக்கம் திருப்பி, கம்பி விலைக்கு மேலே செவ்வாய்க்கிழமை அழுகையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எல்லாரும் போன அன்னிக்குக்கூட அப்பா போகாம உக்காந்திருந்தார் மாமா. ஒரு நாள் விட்டதில்ல. ஆனா ஒரு வார்த்தை எழுதினதும் இல்ல. அன்னிக்கு திடீர்னு சாப்பிட்டியாம்மான்னு வந்துச்சா, எனக்கு என்னவோ ஆயிடுச்சு" என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவி, "அவ அழறது ஊருக்கே கேக்கக் கூடாதுன்னு நான்தான் கைதட்டலை அமுக்கினேன். யாருக்கும் சொல்லாதீங்க அத்தைன்னு அவ கேட்டுக்கிட்டா. நீங்க திட்டினா திட்டிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். நான் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அவளுடையது இல்லவே இல்லை என்றும் இப்போது யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆகவே, உங்கள் மகளை அழவைத்தது நாங்கள் இல்லை, சம்பந்தி. நீங்கள்தான். மேலே "வரவேண்டாம்" என்று எழுதிய இடங்களையெல்லாம் "வந்தே தீர வேண்டும்" என்று மாற்றிப் படிக்கவும். கோபத்தோடு வந்தாலும் சரி. வேன் மட்டும் வேண்டாம், பஸ்ஸிலேயே வாருங்கள், சம்பந்தியம்மாவோடு. உங்கள் கேள்விக்குப் பதிலும் சொல்லச் சொன்னாள்: செவ்வாய்க்கிழமை சாப்பிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து உட்காரும்வரை சாப்பிட மாட்டாளாம். மாடிப்படி ஏறி வரும்போது கைதட்டல் கேட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள், நான்தான். இரண்டு தடவை கேட்கும்.