மாமன் வாங்கிய குதிரை

குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே குழந்தைகளிடம் முத்தமும் வாங்கிக்கொண்டு போன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மாத்தளையில் எங்கள் தெருவில் சாக்கு வியாபாரம் செய்த முஸ்லிம் பெரியவர், சுங்க நானா. துறைமுகத்தை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. பட்டம் தெரு கொடுத்தது.

என் மனைவிக்கு அண்ணன்மார் ஐந்து பேர். மாசி மகத் தேருக்கு ஐவரும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். ஐவரும் ஒரே தேர்க்கடையில் வாங்குவதால் என் பிள்ளைகளுக்கு ஐந்து தகர மேளம், ஐந்து ஊதல், ஐந்து கார். தேர் நிலைக்குப் போன பிறகும் எங்கள் வீட்டில் மேளம் நிற்காது. கால் வைத்த இடமெல்லாம் சக்கரம். யாருக்காவது தூக்கிக் கொடுக்கலாமென்றால், தாய்மாமன் கொடுத்ததைத் தானம் செய்த பாவி என்று மனைவியே என்னை உயிரோடு விடமாட்டாள்.

ஒருநாள் சத்தம் தாங்காமல் நானா ஒரு சாக்கோடு உள்ளே வந்தார்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க, மக்காள். மத்ததெல்லாம் நம்ம கிடங்குல தூங்கட்டும். கையில ஈக்கிறதக் கொண்டாந்து தந்தா வேற ஒண்ண எழுப்பித் தாறேன்."

சாக்கின் வாயைப் பிள்ளைகளேதான் கட்டவேண்டும். நான் அதட்டினால் ஊரைக் கூட்டும் என் மகன், நாக்கைத் துருத்திக்கொண்டு முடிச்சுப் போட்டான். அன்று மத்தியானம் நான் தூங்கினேன். கலியாணத்துக்குப் பிறகு தூங்கிய முதல் தூக்கம்.

பெரிய மச்சான் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. ஒரு விருந்தில் இரண்டாந்தரம் பாயசம் வேண்டுமா என்று நாங்கள் கேட்காததற்காக மூன்று வருஷம் எங்களோடு பேசாமல் இருந்தவர். அவர் ஒரு மரக்குதிரை வாங்கித் தந்தார். அதுவும் நானாவின் கிடங்குக்குப் போனது. அடுத்த வருஷம் தேருக்கு முந்தியே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"குதிரை எங்க மச்சான்?"

மனைவி முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு மூன்று வருஷமா என்று நினைத்தபடி நான் நானாவின் கிடங்குக்கு ஓடினேன்.

"குதிரையா? அது நாவுல ஊருல ஈக்குதே தம்பி!"

"நாவுலயிலயா?"

"மரக்கறி லொறியில அனுப்பினேன். சும்மா நின்னா மரத்துக்கும் வாதம் புடிச்சிரும்."

"ஐயோ நானா, அவருக்குத் தெரிஞ்சா…"

திரும்பினால் பின்னாலேயே மச்சான் நிற்கிறார். நான் சாக்குக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நானா ஒதுங்கவில்லை.

"நீங்கதான் வாங்கினதா தொரை? அருமையான உருப்படி! கலேவெலயில ஆறு மாசம் ஓடிச்சி. இப்ப நாவுலயில மூணு புள்ளைங்க ஒண்ணா ஏறுறாங்க. இன்னும் காது ஆடல்ல!"

மச்சான் நானாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நானா, எங்க வீட்டுலயும் கட்டிலுக்கு அடியில ஒரு குவியல் கிடக்குது. இந்த மச்சான் வாங்கிக் குடுத்த மேளமே நாலு. பொண்டாட்டி ராவும் பகலும் திட்டுறா. எடுத்துக்குவீங்களா?"

கோபம் வரவேண்டிய இடம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானும் மச்சானும் சிரித்த சிரிப்பில் வீட்டிலிருந்து மனைவி ஓடி வந்தாள். குதிரை கடைசிவரை திரும்பவில்லை. யாரும் தேடவுமில்லை.

இப்போது பேரனுக்கு நான் பொம்மை வாங்கிப் போகிறேன். மருமகள் சிரித்துக்கொண்டே வாங்கி, எங்கே வைப்பதென்று சுற்றுமுற்றும் பார்க்கிறாள். பாவம், அவள் தெருவில் ஒரு சுங்க நானா இல்லை.